அந்த ஆல்பம் விற்றது ஸ்டீல் கிட்டாரைத் தூக்கிப் போட்டதால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் கனடாப் பாடகி ஷனையா ட்வெய்னின் ‘கம் ஆன் ஓவர்’ ஆல்பத்தைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. அமெரிக்க நாட்டுப்புற இசையிலிருந்து வந்த கன்ட்ரி பாப்புக்குத் தமிழ்ப் பத்திரிகையில் இவ்வளவு இடம் கிடைப்பது அபூர்வம். ஆனால் கட்டுரை போய் முடிந்த இடம்தான் சரியில்லை. அந்தப் பாடகி ஃபிடிலையும் (கன்ட்ரி பாணி வயலின்) ஸ்டீல் கிட்டாரையும் கைவிட்ட பிறகே உலகம் அவரை வாங்கியதாம். ஆகவே நம் மலேசியத் தமிழ் இசைக்குழுக்களும் உறுமியையும் நாதஸ்வரத்தையும் ஓரங்கட்டினால்தான் வெளியுலகம் திரும்பிப் பார்க்குமாம். நடந்தது அப்படி இல்லை. இதை நம்பி செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நாலு பேர் நல்ல நாதஸ்வரப் பதிவுகளை அழித்துவிடக்கூடாது என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில் சில திருத்தங்கள். இது அவருடைய முதல் ஆல்பம் அல்ல, மூன்றாவது. முதலாவது 1993இல் வந்தது, இரண்டாவது 1995இல். ‘கம் ஆன் ஓவர்’ 1997 நவம்பர் 4 அன்று வெளியானது. அமெரிக்காவின் பொது ஆல்பப் பட்டியலில் அது முதலிடம் பிடித்ததாகக் கட்டுரை சொல்கிறது. பில்போர்டு 200இல் அது இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. முதலிடத்தில் இருந்தது கன்ட்ரி ஆல்பப் பட்டியலில். அங்கே மொத்தம் 50 வாரம். ஒரே வாரத்தில் உச்சிக்கு ஏறி இறங்கிய ஆல்பம் இல்லை இது, வருடக் கணக்காக விற்றுக்கொண்டே இருந்த ஆல்பம். காரணம் லேசானது. இருக்கும் 16 பாட்டில் 12ஐத் தனித்தனி சிங்கிளாக, அவசரப்படாமல், ஒவ்வொன்றாக வெளியே விட்டார்கள். உலகம் முழுக்க 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, தனிப் பாடகி ஒருவரின் ஸ்டூடியோ ஆல்பங்களில் அதிகம் விற்றது என்ற பெயரும் அதற்கு வந்தது.

இனி அந்த ‘கைவிட்ட’ கதை. 1997இல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போன பதிப்பில் ஃபிடிலும் பெடல் ஸ்டீலும் (காலால் மிதிக்கும் பெடல்கள் உள்ள ஸ்டீல் கிட்டார்) தாராளமாக இருக்கின்றன. 1998இல் அனைத்துலகப் பதிப்பு வந்தபோது அதே பாட்டுகளை மறுகலவை செய்து, அந்த வாத்தியங்களைக் குறைத்து, பாப் வானொலிக்குப் பழகிய ஒலிகளை முன்னுக்குக் கொண்டு வந்தார்கள். வட அமெரிக்காவுக்கு வெளியே இருந்த நம் காதுக்குப் பழக்கமானது இந்த இரண்டாவது. அதை மட்டும் கேட்டவருக்குப் ‘பழசை விட்டுவிட்டார்’ என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அதே பாட்டு கன்ட்ரிக்காரர்களிடம் கன்ட்ரிச் சட்டை போட்டும் மற்றவர்களிடம் பாப் சட்டை போட்டும் ஒரே சமயத்தில் விற்பனையில் இருந்தது. ‘ஃப்ரம் திஸ் மொமண்ட் ஆன்’ கன்ட்ரிப் பதிப்பில் பாடகர் பிரையன் வைட்டுடன் இணைந்து பாடிய பாட்டு. பாப் வானொலிக்குப் போனது அவர் தனியாகப் பாடிய வடிவம். அடுத்த ஆல்பமான ‘அப்!’ 2002இல் வந்தபோது இந்த முறையை ஒளிவு மறைவில்லாமலே செய்தார்கள். 19 பாட்டு, மூன்று வட்டு: பச்சை கன்ட்ரிக்கு, சிவப்பு பாப்புக்கு, நீலம் இந்தியத் தாளவாத்தியங்களோடு. அந்த நீலத்தைச் செய்தவர்கள் இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த சைமன், டைமண்ட் என்ற துகல் சகோதரர்கள். நம் வாத்தியத்தை விடச் சொல்லும் கட்டுரைக்கு, அந்தப் பாடகியே நம் பக்கத்துத் தோல் வாத்தியத்தைத் தேடி வந்த செய்தி தெரியாமல் போனது வேடிக்கைதான்.

ஆக, கவனிக்க வேண்டியது எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்பதல்ல. எடுக்கவும் சேர்க்கவும் முடிகிற மாதிரி எப்படிப் பதிந்து வைத்தார்கள் என்பது. தயாரிப்பாளர் மட் லாங் ராக் உலகிலிருந்து வந்தவர். ஏசி/டிசி, டெஃப் லெப்பர்ட் குழுக்களின் பெரிய ஆல்பங்கள் அவர் கையில் உருவானவை. 16 பாட்டையும் அவரும் பாடகியும் சேர்ந்தே எழுதினார்கள். மெட்டும் குரலும் தனியாக நிற்கும்படி கட்டிவிட்டால் மேலே போடும் சட்டையைக் கடைசி வாரத்தில்கூடத் தீர்மானிக்கலாம். இங்கே பல பதிவுகளில் அது முடியாமல் போவதற்குச் சில்லறைக் காரணங்களே போதும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பெடல் ஸ்டீலில் தொடங்கலாம், ஏனென்றால் அதைத்தான் எல்லாரும் கீபோர்டில் போலி செய்து கெடுக்கிறார்கள். கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் வழக்கமான சுருதிக்கு ‘இ நைன்த்’ என்று பெயர். பத்துத் தந்தி, மூன்று பெடல், அவற்றோடு முழங்காலால் தள்ளும் நெம்புகோல்கள். இடக்கையில் ஓர் உருளைக் கம்பி தந்திகளின் மேல் படுத்திருக்கும். முதல் இரண்டு பெடலை நம் கணக்கில் சொன்னால் உடனே புரிந்துவிடும். மூன்று தந்திகள் ச, க, ப என்று ஒலிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெடல் ப-வை த-வுக்கு ஏற்றும், இரண்டு அரைச்சுரம். இன்னொரு பெடல் க-வை ம-வுக்கு ஏற்றும், ஓர் அரைச்சுரம். ச மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச-க-ப நழுவி ச-ம-த ஆகிறது. கேட்பவர் நெஞ்சைப் பிடித்து இழுக்கும் அந்த ஏக்கம் முழுவதும் அசையாத அந்த ஒரு ச-வில்தான் இருக்கிறது. வீணையில் ஒரு தந்தியை மட்டும் பக்கவாட்டில் இழுக்கும்போது பக்கத்துத் தந்தி சும்மா இருப்பது போல.

கீபோர்டில் சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் தள்ளினால் என்ன நடக்கிறது? அழுத்தியிருக்கும் மூன்று சுரமும் சேர்ந்தே ஏறுகின்றன. ஏக்கம் போய், பழைய டேப் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வரும். சரிசெய்ய வழி உண்டு. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் பிட்ச் பெண்ட் ஒரு சேனல் முழுமைக்கும் பொது. ஆகவே சுரங்களைச் சேனல் பிரித்து வையுங்கள். ச முதல் சேனலில், அதற்குப் பெண்ட் எல்லை 0. க இரண்டாவதில், எல்லை 1 அரைச்சுரம். ப மூன்றாவதில், எல்லை 2 அரைச்சுரம். பிறகு ஒரே சக்கர அசைவை மூன்றுக்கும் அனுப்பினால் பெடல் மிதித்தது போலவே நழுவும். இன்னொன்றும் வேண்டும். ஸ்டீல் வாசிப்பவரின் வலது கால் எப்போதும் ஒலியளவுப் பெடலில் இருக்கும். மீட்டும் நொடியில் தாழ்த்தி வைத்து, மீட்டிய பிறகு மெல்ல ஏற்றுவார். எக்ஸ்பிரஷன் பெடலால் அதைச் செய்யாவிட்டால் சுரம் ‘டிங்’ என்று முட்டிக்கொண்டு தொடங்கும், போலி அங்கேயே அம்பலமாகும். இவ்வளவு பாடுபட முடியாது என்றால் ஸ்டீலே வேண்டாம். ஒரு வயலினும் நல்ல அக்கூஸ்டிக் கிட்டாரும் போதும்.

கிட்டார் என்றதும் சுருதிக் கட்டைக்கு வருகிறோம். நம் பெண் குரல்கள் பெரும்பாலும் 5, 5½, 6 கட்டையில் பாடுகின்றன. 5½ கட்டை என்றால் ஜி ஷார்ப். கிட்டார் வாசிப்பவர் விரலைக் குறுக்கே படுக்கவைத்து பார் கார்டு பிடித்தால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சரியாகத்தான் இருக்கும், ஆனால் திறந்த தந்திகளின் கலகலப்பு செத்துவிடும். கன்ட்ரியில் பாதி நிறம் அந்தக் கலகலப்பு. முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் முதல் கட்டத்தில்) கேப்போ என்ற கவ்வியை மாட்டி ஜி கார்டின் வடிவத்தைப் பிடிக்கட்டும். 6 கட்டைக்கு இரண்டாவது ஃப்ரெட், வடிவம் அதேதான். கேப்போ மாட்டிய பிறகு மறுபடியும் சுருதி பார்க்க வேண்டும், இறுக்கத்தில் தந்தி கொஞ்சம் ஏறியிருக்கும். இரண்டாவது கிட்டார் சேர்க்கிறீர்களா? அதற்கு ‘நாஷ்வில் டியூனிங்’ போடுங்கள். கனமான நான்கு தந்திகளைக் கழற்றிவிட்டு, அதே சுரத்தில் ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்திகளைக் கட்டுவது. தனியாகத் தேடி அலைய வேண்டாம். 12 தந்தி கிட்டாருக்கான ஒரு செட் வாங்கினால் அதிலுள்ள மெல்லிய ஜோடிகளே அவை. பன்னிரண்டு தந்தியின் மினுமினுப்பு கிடைக்கும், குரலின் கீழ்ப்பகுதியில் கூட்ட நெரிசல் இருக்காது.

கார்டு எழுதும் முறையிலும் அங்கிருந்து கற்க ஒன்று உண்டு, அது நம்மிடம் ஏற்கெனவே இருப்பது என்பதுதான் விஷயம். நாஷ்வில் ஸ்டூடியோக்காரர்கள் கார்டின் பெயரை எழுதுவதில்லை, எண்ணை எழுதுவார்கள்: 1, 4, 5, மைனராக இருந்தால் பக்கத்தில் ஒரு சிறு கோடு. 1 என்பது ஷட்ஜம், 4 மத்திமம், 5 பஞ்சமம். பாடகிக்கு அன்றைக்குத் தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்க வேண்டும் என்றால் தாளில் ஓர் எழுத்தும் மாறாது. சரிகமவில் பாடம் படித்தவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இருந்தும் நம் குழுக்களில் ஆங்கில எழுத்தில் கார்டு எழுதி, மேடையில் கட்டை மாறியதும் ஆளுக்கொரு பக்கம் திணறுவதைப் பார்க்க முடிகிறது. கீபோர்டு மட்டும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தித் தப்பித்துக்கொள்ளும். கிட்டாரும் பேஸும் அல்லாடும்.

நாதஸ்வரத்துக்கு அந்தப் பொத்தான் கிடையாது. குழலின் நீளம்தான் சுருதி. ஊதும் வாய்ப்பகுதியான சீவாளியை மாற்றியும் உதட்டை இறுக்கியும் கிடைக்கும் திருத்தம் மிகக் கொஞ்சம். அதனால் பாட்டின் கட்டையைப் பாடகியிடம் மட்டும் கேட்டு முடிவு செய்துவிட்டு, கடைசியில் நாதஸ்வரக்காரரை அழைப்பது தவறு. முதலிலேயே இருவரையும் கேளுங்கள். குழல் 2½ கட்டை என்றால் அதன் மத்திமம் ஜி ஷார்ப். அதுவே 5½ கட்டைப் பாடகியின் ஷட்ஜம். வித்வான் தம் மத்திமத்தை ஷட்ஜமாக வைத்து வாசித்தால் இரண்டும் பொருந்தும். 2 கட்டைக் குழலுக்கு 5 கட்டைப் பாடகி. இப்படிப் பொருந்தாதபோது மென்பொருளில் சுருதியை நகர்த்திவிடலாம் என்று நினைப்பார்கள். அரைச்சுரம் வரை பொறுத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் போனால் குழல் பிளாஸ்டிக் ஆகிவிடும், கல்யாண வீட்டு ரிங்டோன் மாதிரி.

அடுத்தது, எல்லாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரேயடியாகப் பதிவது. மேளக்கச்சேரிக்கு அதுதான் அழகு, மறுக்கவில்லை. ஆனால் தவிலின் அடி நாதஸ்வர மைக்கிலும், நாதஸ்வரம் பாடகியின் மைக்கிலும் ஒழுகியிருந்தால் பிறகு எதையும் பிரிக்க முடியாது. பாப் பதிப்பில் தவிலைக் குறைத்தால் குரலுக்குப் பின்னால் அதன் பேய் நிற்கும். தனித்தனி அறை, நடுவில் கண்ணாடி. கண்ணாடி அவசியம், ஏனென்றால் தவில்காரரும் நாதஸ்வரக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் வாசிப்பார்கள். காதில் கொடுக்கும் மெட்ரோனோம் ‘டிக்’ சத்தத்துக்குப் பதிலாக ஜால்ராவோ எளிய மிருதங்க நடையோ பதிந்து கொடுங்கள். ‘டிக்’ ஓசை வித்வான்களுக்குப் பிடிக்காது. மௌனமான இடங்களில் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்து மைக்கிலும் விழும். ஜால்ரா கசிந்தாலும் அது பாட்டோடு போய்விடும். ஹெட்ஃபோன் காதை முழுக்க மூடும் ரகமாக இருக்கட்டும். இன்னொன்று, கோலாலம்பூர் வெளிக்காற்றின் ஈரத்திலிருந்து குளிரூட்டிய அறைக்குள் வந்ததும் தோலும் மரமும் தந்தியும் நகர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே கொண்டுவந்து அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டுப் பிறகு சுருதி சேருங்கள். வந்த சூட்டோடு பதிந்தால் முதல் சரணமும் கடைசிச் சரணமும் ஒட்டாது.

உறுமியைப் பற்றிக் கொஞ்சம். அதை வைத்தால் கலவை குழம்புகிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் உறுமல் நிலையான சுரத்தில் நிற்காது, வழுக்கிக்கொண்டே போகும். அதே தாழ்ந்த பகுதியில் பேஸ் கிட்டார் ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் பேஸ்தான் அபசுரமாகக் கேட்கும். பழி பேஸ்காரர் மேல் விழும்! உறுமியில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அதன் குணம் அதற்கு மேலேயும் போதுமான அளவு இருக்கிறது. அதைவிட நல்லது வாசிப்பிலேயே இடம் பிரிப்பது. கன்ட்ரி பேஸ் பெரும்பாலும் நாலு அடியில் முதலும் மூன்றும் மட்டுமே வாசிக்கும், ஒருமுறை ச, ஒருமுறை ப. இரண்டும் நாலும் காலி. உறுமலை அங்கே வையுங்கள். தைப்பூசத்தில் பத்துமலை அடிவாரத்தில் கேட்டுப் பழகிய நடையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

குரல் அடுக்குதான் மட் லாங்கின் கைவரிசை. பல்லவிக்கு வந்ததும் ஒரு சுவர் எழும்புகிறதே, அது எதிரொலிக் கருவியால் வருவதல்ல. ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடி அடுக்கியது. இங்கே செய்வதானால், மூன்று சுர நிலைகள், ஒவ்வொன்றையும் நான்கு முறை தனித்தனியாகப் பாடுங்கள். மொத்தம் பன்னிரண்டு தடம், பாதி இடது, பாதி வலது. ஒரு முறை பாடியதை நகல் எடுத்து ஒட்டுவது பயன்படாது. இம்மியும் மாறாத இரண்டு பிரதி சேர்ந்தால் சத்தம் கூடுமே தவிர அகலம் வராது.

தமிழில் இதற்குத் தனிச் சிக்கல்கள் உண்டு, ஆங்கிலக் கையேடுகள் அவற்றைச் சொல்லாது. ‘பாட்டு’ என்பதில் இரண்டு ட-வுக்கு நடுவே ஒரு மூச்சடைப்பு இருக்கிறது. பன்னிரண்டு குரலும் அதே நொடியில் அடைத்து அதே நொடியில் திறக்காவிட்டால் டபடபவென்று தகரக் கூரையில் மழை பெய்த மாதிரி ஆகும். முதன்மைக் குரல் மட்டும் வல்லினத்தை அழுத்தமாகச் சொல்லட்டும், மற்றவர்கள் பட்டும் படாமலும் சொல்லட்டும். ச, ஸ ஒலிகளுக்கும் இதே விதி. ழகரத்தை ஒருவர் ளகரமாகப் பாடினால் அந்த வரி முழுக்கச் சேறாகும். தனியாகப் பாடும்போது மன்னிக்கலாம், அடுக்கில் முடியாது. கமகத்தையும் முதன்மைக் குரலுக்கு மட்டும் விடுங்கள். பக்கக் குரல்கள் நேர்ச் சுரத்தில் நிற்க வேண்டும். முதன்மைக் குரல் அசையும் அதே அசைவில் தாங்களும் அசைகிறோம் என்று முயன்றால் பன்னிரண்டு கமகம் பன்னிரண்டு வேகத்தில் போகும். சுரத் தேர்விலும் கவனம் வேண்டும். கன்ட்ரி மெட்டுகள் பல நம் மோகனத்தின் ஐந்து சுரத்துக்குள்ளேயே சுற்றுபவை, ஆகவே நம்மவர்களுக்கு எளிதில் வரும். ஆனால் ரி-க்கு மேல் மூன்றாவதாக (ரி, க, ம என்று எண்ணி) அடுக்கினால் ம வருகிறது, அது மோகனத்தில் இல்லை. பக்கக் குரல் ராகத்தைத் தாண்டிச் சங்கராபரணத்துக்குள் கால் வைத்தே ஆக வேண்டும். ராகம் கெட்டுவிடும் என்று அஞ்சுபவர்கள் ம-வைத் தவிர்த்து ப-வைப் பாடலாம். சற்று வெறுமையாக ஒலிக்கும், தவறில்லை.

கடைசியாக, பதிந்த கோப்புகளை ஒப்படைப்பது. இங்கேதான் ‘இரண்டாவது சட்டை’ போட முடியாமல் பெரும்பாலான பாட்டுகள் நின்றுபோகின்றன. ஸ்டூடியோவிலிருந்து பாடகர் கையில் வருவது ஒரு எம்பி3 மட்டும். கேட்டு வாங்க வேண்டியவை வேறு: ஒவ்வொரு தடமும் தனி வேவ் கோப்பாக, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், எல்லாம் பூஜ்ஜிய நொடியிலிருந்தே தொடங்கும்படி. நாதஸ்வரம் இரண்டாம் நிமிடத்தில்தான் வருகிறது என்றாலும் அதன் கோப்பும் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையென்றால் வேறொரு ஊரில் திறப்பவர் அதை எங்கே வைப்பது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். குரல் எதிரொலி சேர்க்காமல் ஒன்று, சேர்த்து ஒன்று. கோப்பின் பெயரிலேயே வாத்தியமும், இடமா வலமா என்பதும் இருக்கட்டும். ‘ஆடியோ 17’ என்று இருந்தால் ஆறு மாதம் கழித்துப் பதிந்தவருக்கே தெரியாது. கூடவே ஒரு தாளில் வேகம், கட்டை, எண் முறையில் கார்டு. இரண்டு வேறு வன்தட்டில், இரண்டு வேறு வீட்டில் ஒவ்வொரு பிரதி. பணம் கொடுத்துப் பதிவதற்கு முன்பே இதையெல்லாம் எழுத்தில் ஒப்புக்கொள்வது நல்லது. முடிந்த பிறகு கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்கள், அல்லது அழித்துவிட்டோம் என்பார்கள்.

கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே ‘பெடல் ஸ்டீல் கிட்டார்’ என்று அச்சாகியிருந்தது. நடுவில் வட்டமான உலோகத் தகடு, ஆறு தந்தி, பெடலே இல்லை, அது டோப்ரோ. தகட்டுக்கு அடியில் இருக்கும் அலுமினியக் கூம்புதான் அதன் ஒலிபெருக்கி, மின்சாரம் வேண்டாம். மடியில் படுக்கவைத்து அதன் மேலும் உருளைக் கம்பியால்தான் வாசிப்பார்கள், குழப்பம் வந்தது அதனால் இருக்கலாம். அடுத்த இதழில் திருத்திப் போட்டால் கிட்டார் வாங்க அலையும் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவுத் தொழில் சார்ந்த வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.